பரிவு என்னும் பாடம்

வயலின் பெட்டியை மடியில் வைத்தபடி முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே!

வாடை தொடங்கிவிட்டது. இன்று காலையில் உங்களில் சிலர் பிருடையைத் திருப்ப முடியாமல் அண்ணாவையோ அப்பாவையோ கூப்பிட்டிருப்பீர்கள். கச்சான் வீசுகிற மாதங்களில் கதை நேர்மாறு. மரம் காய்ந்து சுருங்க, பிருடை பிடிப்பில்லாமல் வழுக்கும். இரவு சேர்த்து வைத்த சுருதி விடியும்போது இறங்கிக் கிடக்கும். வாடைக்கு அதே மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்துத் துளைக்குள் இறுகிக்கொள்ளும். வில்லின் குதிரை மயிர் நீண்டு தொய்யும். உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு உருக்குத் தந்தி துருவேறுவதும் பழகிப்போன துன்பம். திருகோணமலையில் வயலின் கற்பவருக்குச் சுருதி சேர்ப்பது ஐந்து நிமிட முன்வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

என் ஆசிரியர் அதையே பாடமாக்கினார். பகலில் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை, மாலையில் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகள். வகுப்புக்குப் போனால் முதல் அரை மணி நேரம் அவர் எதையும் சொல்லித்தர மாட்டார். சுருதி சேர்க்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வார். நாங்கள் சேர்ந்துவிட்டது என்று சொன்னால், திரும்பிப் பார்க்காமலே, “மூண்டாவது தந்தி இன்னும் அழுகுது” என்பார். எங்களுக்கு அழுகை கேட்காது. கேட்கும் வரை இருக்க வேண்டும்.

ஒருநாள் பஸ் ரிக்கற்றைக் கிழித்து, ஒரு துண்டை நடுவில் மடித்து, என் வயலினின் மத்திய ஷட்ஜத் தந்தியின் மேல் கூரைபோலக் கவிழ்த்து வைத்தார். “இப்ப பக்கத்திலை இருக்கிற பஞ்சமத் தந்தியிலை விரல் வைச்சு, இதே ஷட்ஜத்தைத் தேடு. கடதாசி சொல்லும்.” தேடினேன். விரல் சற்று மேலே போனால் கடதாசி அசையாது. சற்றுக் கீழே இறங்கினாலும் அசையாது. ஓர் இடத்தில், நான் தொடாத அந்தத் தந்தி தானாக நடுங்கத் தொடங்கியது. கடதாசித் துண்டு துள்ளி மடியில் விழுந்தது. அன்றைக்கு எனக்குப் பத்து வயது. அந்த வியப்பு இன்றுவரை குறையவில்லை.

சில ஆண்டுகள் கழித்து உயர்தர வகுப்பில் சுரமானிப் பரிசோதனை செய்தபோது அதே கடதாசித் துண்டு மறுபடி வந்தது. ஒரு தந்தியின் அதிர்வு, அதே மீடிறன் கொண்ட இன்னொன்றைத் தொடாமலே அதிரச் செய்வதற்கு நம் பௌதிகப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் பரிவு. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நான் கடமைப்பட்டவள். இன்னொருவர் துன்பத்துக்கு நம் நெஞ்சு இளகுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். இன்றைய சொற்பொழிவில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. வயலின் ஆசான்கள் கையைப் பற்றிச் சொன்னதெல்லாம் காதைப் பற்றிச் சொன்னதே என்று நான் நம்புகிறேன். ஆசான் பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு அது மிகவும் வேண்டிய செய்தி.

ஆசான் தொலைவில் இருப்பது நமக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. 1760ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி இத்தாலியின் பதுவா நகரிலிருந்து ஜுசெப்பே தார்த்தீனி ஒரு கடிதம் எழுதினார். ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்த வயலின் ஆசான் அவர், வயது 67. கடிதத்தைப் பெற்றவள் மதலேனா லொம்பார்தீனி, வெனிஸ் நகரத்து அறநிலையம் ஒன்றில் தங்கி இசை கற்றுக்கொண்டிருந்த 14 வயதுப் பிள்ளை. நினைத்த நேரத்தில் புறப்பட்டு ஆசானிடம் போக முடியாத நிலை அவளுக்கு. ஆகவே பாடம் கடிதத்தில் போயிற்று. பிற்காலத்தில் அந்தக் கடிதம் அச்சாகி, 1771இல் சார்ல்ஸ் பேர்னி அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதே ஆண்டில் அந்தப் பிள்ளை, இப்போது வளர்ந்த கலைஞராக, இலண்டன் மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார். சொந்தமாக இசைப்படைப்புகளும் எழுதியவர் அவர்.

அந்தக் கடிதத்தில் தார்த்தீனி முதலில் கேட்பது வேகமான உருப்படி எதையும் அல்ல. விரல் வைக்காத வெறும் தந்தியில் வில்லை வை என்கிறார். மிக மெல்லிய ஒலியில் தொடங்கி, சிறிது சிறிதாக வளர்த்து உச்சத்துக்குக் கொண்டுபோய், பிறகு அதே நிதானத்தில் குறைத்து, இல்லாமல் ஆகும்வரை கொண்டுவர வேண்டும். இழுக்கும்போதும் தள்ளும்போதும் ஒன்றுபோல. வில் தந்தியைத் தொடும் முதற்கணம் அடியாக இராமல் மூச்சுப்போல இருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது இதற்கு. அதையும் ஒரே மூச்சில் செய்யாமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். இதற்குப் பிறகே கொரெல்லி என்ற இசையமைப்பாளரின் விரைவான பகுதிகள், கை நகர்த்தல், மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டும் கமகப் பயிற்சி.

பல ஆண்டுகளாக இந்தக் கடிதத்தை என் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அதில் எனக்குப் பிடித்தது, அவர் என்னென்ன பயிற்சிகளைத் தேர்ந்தார் என்பதுதான். எழுத்தில் ஒலியை அனுப்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, பிழை நேர்ந்தால் அந்தப் பிள்ளையே கேட்டு அறிந்துகொள்ளக்கூடிய பயிற்சிகளை மட்டும் அனுப்பினார். வெறும் தந்தியில் வில் நடுங்கினால் அது ஒளிந்துகொள்ள இடமில்லை. கூட்டலும் குறைத்தலும் சமமாக இல்லாவிட்டால் வாசிப்பவருக்கே கேட்டுவிடும். திருத்துவதற்கு ஆசான் வேண்டியதில்லை. என் ஆசிரியரின் பஸ் ரிக்கற் துண்டும் அதே வகை. அவர் வாசலில் போய் நின்றதற்கும் காரணம் அதுதான் என்று இப்போது புரிகிறது.

நம் இசையில் இந்த வேலை இன்னும் கடினம். வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. விரல் வைக்குமிடத்தை மெழுகும் பித்தளையும் காட்டிக்கொடுக்கும். வயலினின் விரற்பலகை வழவழப்பான வெறும் பலகை. ஒலிக்கும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு விரல் போகவேண்டிய தூரம் கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றர். ஒரு ஸ்தாயி மேலே போனால் அதே இடைவெளி 9 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும், அது ஒரு விரல்நுனியின் அகலத்தைவிடக் குறைவு. இதைக் கண்ணால் அளந்து வைக்க முடியுமா? விரல் போய்ச் சேருமுன்பே அந்தச் சுரம் மனதில் ஒலித்திருக்க வேண்டும். விரல் அதைத் தேடிப் போகும்.

இவ்வளவும் அசையாத சுரங்களுக்கு. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுரதாளக் குறிப்பில் அது ‘க’ என்ற ஓர் எழுத்து. பாடும்போதோ அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்தபடியே வாழ்கிறது. எழுத்தைப் பார்த்து விரலைக் காந்தாரத்தின் இடத்தில் ஊன்றினால் வருவது தோடி ஆகாது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் தோடியைக் கேட்டவருக்கு அந்த எழுத்து எவ்வளவு சிறியது என்று தெரியும்.

துவாரம் வேங்கடசுவாமி நாயுடுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1893இல் பிறந்தவர். பார்வைக் குறைவால் பள்ளிப்படிப்பு நின்றுபோனது. அண்ணனிடம் வயலின் கற்றார். 1919இல் ஆந்திரத்து விஜயநகரத்தில் மகாராஜா இசைக் கல்லூரி தொடங்கியபோது மாணவராகச் சேரலாம் என்று போனார். கல்லூரி முதல்வர் ஆதிபட்ல நாராயணதாஸ் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு ஆசிரியராகவே நியமித்தார். வயது அப்போது 26. பிற்காலத்தில் அதே கல்லூரிக்கு முதல்வரானார். 1941இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். பக்கவாத்தியமாகவே அறியப்பட்ட வயலினைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிறுத்தியவர்களில் முன்னோடி. மேனாட்டு வயலின் இசையை ஆர்வத்தோடு கேட்டார். அதன் வில்லொலியின் தூய்மையைத் தம் வாசிப்புக்குள் கொண்டுவந்தார், கமகத்தை விட்டுக்கொடுக்காமல். 1952இல் இந்தியா வந்த மேனாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின், சென்னையில் அவர் வாசிப்பைக் கேட்டு மனம் பறிகொடுத்தார். மணிக்கணக்கான சாதகத்துக்கும் மேலாகக் கேள்வியை மதித்தவர் துவாரம். மாணவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதுவே. கண் சரியாகத் தெரியாத ஒருவர், உலகத்தைப் பெரும்பாலும் காதால் பெற்ற ஒருவர், அதைச் சொல்லும்போது அது வெறும் உபதேசமாக எனக்குத் தோன்றவில்லை.

லால்குடி ஜெயராமன் வேறொரு வழியாக அதே இடத்துக்கு வருகிறார். தியாகராஜரின் மாணவர் வழியில் வந்த குடும்பம். தந்தை கோபால ஐயரின் கடுமையான பயிற்சி. அவர் வாசிப்பில் பாட்டின் சொல் கேட்கும். வாய்ப்பாட்டில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறதோ அந்த இடம் பார்த்து வில் திரும்பும். சாகித்தியம் தெரிந்தவர் வயலினைக் கேட்டபடியே மனதுக்குள் பாடிக்கொண்டு போகலாம். பிள்ளைகளே, இதற்கு ஒரு சோதனை உண்டு. நீங்கள் பாடமாக்கிய கீர்த்தனையை வீட்டில் வாசியுங்கள். அந்தப் பாட்டைத் தெரிந்த பாட்டியோ அயலவரோ அடுக்களையில் இருந்தபடி கூடப் பாடத் தொடங்கினால் உங்கள் வில் சொல்லைப் பிடித்திருக்கிறது. அவர் இடையில் தடுமாறினால், தடுமாறிய இடத்தைப் போய்ப் பாருங்கள். அநேகமாகச் சொல்லின் நடுவில் வில்லை மாற்றியிருப்பீர்கள். பாடிப் பார்க்காததை வாசிக்காதே என்று நம் ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வதன் பொருள் இதுதான்.

இனி என் வாழ்க்கையில் ஒன்று. எனக்குப் பத்தொன்பது வயது. கோயில் திருவிழாவில் ஒரு மூத்த பாடகிக்குப் பக்கவாத்தியம் வாசிக்க அழைப்பு வந்தது. கல்யாணி ஆலாபனை. அவர் பாடி முடித்ததும் என் முறை. நான் வாசித்தேன், அவர் பாடியதைவிட நீளமாக, உயரமாக. மேல் ஷட்ஜத்தில் நின்று சுற்றி இறங்கினேன். சனங்கள் கைதட்டினார்கள். மகிழ்ச்சியோடு இறங்கி வந்து ஆசிரியர் முன்னால் நின்றேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“அவ மேல் ஷட்ஜத்துக்கு எத்தினை தரம் போனவ?”

யோசித்துப் பார்த்தேன். “தெரியாது சேர்.”

“ஒருக்காலும் போகேல்லை. அவவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சபைக்குத் தெரியாமல் கீழையே நிண்டு எவ்வளவு வடிவாப் பாடினவ. நீ நாலு தரம் போய்க் காட்டிப்போட்டு வந்தனி. நீ அவவுக்குப் பக்கத்திலை இருக்கேல்லை, பிள்ளை.”

அந்த இரவு நான் தூங்கவில்லை. சுரத்தில் ஒரு பிழையும் விடவில்லையே என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். உண்மைதான், விரல் எங்கும் தவறவில்லை. ஆனால் ஒரு முழு ஆலாபனை நேரம் ஒரு மனிதரின் பக்கத்தில் அமர்ந்திருந்து அவர் குரல் தவிப்பதை நான் கேட்கவில்லை. என் முறை எப்போது வரும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். தொடாத தந்தி அதிர வேண்டிய இடத்தில் அது அசையாமல் கிடந்தது. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் தந்து, கல்யாணியைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசினார்.

பக்கவாத்தியம் என்ற சொல்லை நம் பிள்ளைகள் இரண்டாம் இடம் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது என்னை வருத்துகிறது. பாடுபவர் ஒரு பிடியைத் தொடங்கும்போதே அது எங்கே போகும் என்று ஊகித்து, நிழல்போல ஓர் இமைப்பொழுது பின்னால் தொடர்ந்து, அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அவர் விட்டுத்தரும் இடத்தில் மட்டும் தன் சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு விழிப்பு வேண்டும்! தனிக் கச்சேரியில் உலகப் புகழ் பெற்ற லால்குடி, டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரும் பல்லாண்டுகள் பெரிய பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்தவர்கள். பறவூர் சுந்தரம் ஐயரின் மகனான கோபாலகிருஷ்ணனுக்கு ஹிந்துஸ்தானி இசையும் கைவந்தது. அங்குள்ள பெரும் பாடகர்களுக்கும் வாசித்தார். பிறர் மரபைக் கேட்கத் தெரிந்தவருக்கே அது வாய்க்கும். 2016இல் சங்கீத கலாநிதி பெற்ற ஏ. கன்னியாகுமரியின் வாழ்க்கையையும் இங்கே பெண்பிள்ளைகள் தேடி அறிய வேண்டும். எம். எல். வசந்தகுமாரியின் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து வாசித்தவர் அவர். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞரும் அவர்தான்.

பெரிய ஆசான்கள் கடலுக்கு அப்பால் மட்டும் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரியில் கற்பித்தவர். அவர் பிள்ளைகள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் அந்த மண்ணில் தந்தையிடம் கற்று வளர்ந்தார்கள். வயலின் உலக மேடையில் தனித்து நிற்க வேண்டும் என்பது தந்தையின் கனவு. தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. எல். சுப்பிரமணியம் மருத்துவமும் படித்து, பிறகு வயலினையே வாழ்க்கையாகக் கொண்டு மெனுஹினோடு மேடையேறினார். எல். சங்கர் ‘சக்தி’ என்ற இசைக்குழுவில் வாசித்தார். எல். வைத்தியநாதன் ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்தார். அந்தக் குடும்பம் இங்கேயே தங்கியிருந்தால் எத்தனை பிள்ளைகள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அந்த ஆண்டில் நாம் இழந்தவற்றின் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

போர்க்காலத்தில் நான் கற்பித்த முறையைச் சொல்கிறேன், இன்றைக்கும் அது உதவும். மின்சாரம் இருக்காது. மின்தம்புரா இல்லை, பழைய சுருதிப்பெட்டியின் துருத்தி ஓட்டையாகிவிட்டது. ஆகவே ஒரு பிள்ளை வெறும் தந்திகளில் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும்; மற்றவர்கள் அதன்மேல் சரளி வரிசை வாசிப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். முதலில் சுருதி இழுக்கும் முறை வந்தால் முகத்தைத் தொங்கப்போடுவார்கள். சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். யார் அதிகம் சுருதி இழுத்தார்களோ அவர்களுடைய வாசிப்பே விரைவில் சுத்தமானது. மற்றவர்கள் தங்கள் வரிசையை வாசித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கைத்தொலைபேசியில் எந்த ஆசானையும் வீட்டுக்கு அழைத்துவரலாம். இது பெரும் பேறு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். வருத்தம் என்னவென்றால், விரல் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கே பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள். திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரே கீர்த்தனையை மூன்று பேர் வாசிப்பில் கேளுங்கள். பரீட்சைக்கு வேண்டிய உருப்படிகளைப் பாடமாக்கி, சான்றிதழ் வந்ததும் வயலினைப் பெட்டிக்குள் பூட்டிய கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேரை நான் கண்டுவிட்டேன். அவர்களுக்கு உருப்படிகளைக் கொடுத்தோம், கேட்கும் சுகத்தைக் கொடுக்கவில்லை. அது ஆசிரியர்களாகிய எங்கள் பிழை. கோணேஸ்வரத்திலும் பத்திரகாளி அம்பாள் கோயிலிலும் திருவிழா நடக்கும்போது பிள்ளைகளை நாகசுரத்துக்குக் கிட்ட அழைத்துப்போய் நிறுத்துங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த நகரத்தின் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்த சுவாமி விபுலானந்தர், மறைந்துபோன யாழைத் தேடிப் பல்லாண்டு உழைத்தார். 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவருடைய கணக்குகள் எல்லாம் ஒரு தந்தியின் எத்தனையாவது பாகத்தில் எந்தச் சுரம் பிறக்கிறது என்பதைத் தேடியவை. ஒலிக்காத ஒரு கருவியை ஒரு மனிதர் அத்தனை காலம் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒலிக்கின்ற கருவி நம் மடியில் இருக்கிறது.

மண்டபப் பொறுப்பாளரிடம் முன்பே ஓர் உதவி கேட்டிருந்தேன். இப்போது மின்விசிறிகளை நிறுத்துவார். கொஞ்சம் புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருக்கும் ஆறு பிள்ளைகளும் வயலினை எடுங்கள். யாருடைய தந்தி இறங்கியிருந்தாலும் அவசரமில்லை, சேருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம். சேர்ந்த பிறகு விரல் வைக்காமல், வெறும் மத்திய ஷட்ஜத்தை மூச்சுப்போலத் தொடங்கி, நீண்ட வில்லாக இழுங்கள். ஒலி முடிந்த பிறகும் யாரும் கைதட்ட வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள் தம்பி, கடலும் கேட்கட்டும்.